மொபைலுக்கு எந்த பிரவுசர்? எதை முதலில் பார்ப்பது?

#1 ஓடை

போனோடு வந்த பிரவுசரை மாற்றலாம் என்று இருக்கிறேன். ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி ரேம். பெரும்பாலும் செய்தி, கட்டுரை வாசிப்பு, கொஞ்சம் வங்கி வேலை. பதினைந்து இருபது டேப் எப்போதும் திறந்தே கிடக்கும். கணினியில் விண்டோஸ்.

சிக்கல் மூன்று. செய்தித் தளங்களில் விளம்பரத்துக்கு நடுவே எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து லோடு ஆகிறது, பாதி நிரப்பிய படிவம் போய்விடுகிறது. புக்மார்க்கும் கடவுச்சொல்லும் கணினியிலும் கிடைக்க வேண்டும்.

வீட்டில் ஒரு ஐபோனும் உண்டு. இரண்டிலும் ஒரே பிரவுசர் வைத்துக்கொள்ளலாமா? "வேகமான பத்து பிரவுசர்கள்" பட்டியல்களைப் படித்துப் பார்த்தேன். ஒன்று சொல்வதை அடுத்தது மறுக்கிறது.

#2 கருவிப்பெட்டி

அந்தப் பட்டியல்களை விட்டுவிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது உள்ளே ஓடும் எஞ்சின், அதாவது இணையப் பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் பகுதி.

ஆண்ட்ராய்டில் குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாம் குரோமியத்தின் (கூகுள் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் பிரவுசர் மூல நிரல்) பிளிங்க் எஞ்சின் மேல் கட்டியவை. பயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ. டக்டக்கோ பிரவுசர் சொந்த எஞ்சின் வைத்துக்கொள்ளாமல் போனில் ஏற்கெனவே இருக்கும் சிஸ்டம் வெப்வியூவை (ஆப்களுக்குள் இணையப் பக்கம் காட்டும் பகுதி) பயன்படுத்துகிறது, அதுவும் குரோமியம்தான். ஒரே எஞ்சின் ஓடும் இரண்டு பிரவுசரில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு வேகம் என்று யாராவது சொன்னால், எதை வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றில் விளம்பரத் தடுப்பு இருந்திருக்கும், மற்றதில் இருந்திருக்காது.

ஐபோனில் நிலைமை வேறு. ஆப் ஸ்டோர் விதிப்படி எல்லா பிரவுசரும் ஆப்பிளின் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 வந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2025 டிசம்பரில் ஜப்பானிலும் மட்டும் இந்த விதி தளர்ந்தது. ஆகவே ஐபோனில் குரோம் போட்டாலும் பயர்பாக்ஸ் போட்டாலும் பக்கத்தை வரைவது வெப்கிட்தான். அங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது மேலே இருக்கும் மெனு, ஒத்திசைவு, தடுப்பு வசதி ஆகியவற்றை மட்டுமே.

நீங்கள் சொன்ன முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்று. ஒரு செய்திப் பக்கத்தில் கட்டுரையின் எழுத்து மிகச் சிறிய பங்கு. மீதியெல்லாம் விளம்பர ஸ்கிரிப்ட், கண்காணிப்பு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் வீடியோ. அவை டேட்டாவைத் தின்கின்றன, ரேமையும் பிடித்துக்கொள்கின்றன. ரேம் போதாதபோது ஆண்ட்ராய்டு பின்னணியில் உள்ள டேபைக் கொன்றுவிடுகிறது. நீங்கள் திரும்பி வரும்போது அது மறுபடி லோடு ஆகிறது. ஆக, எந்த பிரவுசர் நன்றாகத் தடுக்கிறது என்பதே உங்களுக்கு முதல் கேள்வி.

#3 நீலக்கல்

அப்படியானால் ஆண்ட்ராய்டில் பயர்பாக்ஸும், அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்டிப்பும் (எக்ஸ்டென்ஷன், பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்). தயங்காமல் சொல்வேன். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்டிப்பு போடவே வழியில்லை. பயர்பாக்ஸ் 2020-ல் ஆண்ட்ராய்டு பதிப்பைப் புதிதாக எழுதியபோது சில நீட்டிப்புகளை மட்டும் அனுமதித்தது. 2023 டிசம்பரில்தான் கதவைத் திறந்துவிட்டது.

செய்முறை: மூன்று புள்ளி மெனு, எக்ஸ்டென்ஷன்ஸ், பட்டியலில் யுபிளாக் ஆரிஜின், பக்கத்தில் உள்ள பிளஸ். அவ்வளவில் விளம்பரம் போய்விடும். குக்கி அனுமதி கேட்கும் பெட்டிகளும் "ஆப்பை நிறுவுங்கள்" என்ற பட்டைகளும் போகாது. அவற்றுக்கான பட்டியல்கள் இயல்பாக அணைந்திருக்கும். யுபிளாக்கின் பல்சக்கரக் குறியைத் தொட்டு, ஃபில்டர் லிஸ்ட்ஸ் பக்கத்தில் குக்கி நோட்டீஸஸ், அனாயன்சஸ் இரண்டையும் தேர்ந்தெடுத்து, மேலே அப்ளை சேஞ்சஸ் தொடுங்கள். தொடாமல் வெளியே வந்தால் எதுவும் மாறாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கண்ணில் படும் பட்டியலையெல்லாம் டிக் செய்ய வேண்டாம். ரேம் கூடும், தளங்கள் உடையும், உடைத்தது எது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. இரண்டு தடுப்பான்களை ஒன்றாக ஓட்டுவதும் இதே தவறு.

ஏதாவது தளத்தில் பொத்தான் வேலை செய்யவில்லையா? மெனுவில் யுபிளாக்கைத் திறந்து பெரிய பவர் குறியைத் தொட்டால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணையும். பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் முகவரிப் பட்டையில் உள்ள கேடயக் குறியைத் தொட்டு பயர்பாக்ஸின் சொந்தக் கண்காணிப்புத் தடுப்பையும் அந்தத் தளத்துக்கு அணையுங்கள். ஸ்ட்ரிக்ட் நிலையில் வைத்திருப்பவர்களுக்கு உள்நுழைவுப் பக்கங்களும் பதித்த வீடியோக்களும் அடிக்கடி முரண்டு பிடிக்கும். ஸ்டாண்டர்டு நிலையும் யுபிளாக்கும் போதும்.

#4 தாழ்ப்பாள்

நீலக்கல் சொன்னதில் தடுப்புப் பகுதியோடு உடன்படுகிறேன். வங்கி வேலைக்கும் அதையே சொல்வதில் எனக்கு மறுப்பு உண்டு.

ஒரு தளத்தின் நினைவகத்தை இன்னொரு தளம் எட்டிப்பார்க்காதபடி தனித்தனி புராசஸில் பிரித்து வைக்கும் பாதுகாப்பு, ஆண்ட்ராய்டு குரோமில் பதிப்பு 77-லேயே வந்துவிட்டது. அது 2019. 2 ஜிபி ரேமுக்குக் குறையாத போன்களில், கடவுச்சொல் கொடுத்து நுழையும் தளங்களுக்கு அது செயல்படுகிறது. பயர்பாக்ஸ் இதை டெஸ்க்டாப்பில் 2021-ல் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. வங்கிக்குக் குரோமியம் வகை, வாசிப்புக்குப் பயர்பாக்ஸ் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வங்கி இருக்கும் பிரவுசரில் வேறு எந்தத் தளமும் திறக்காதீர்கள், நீட்டிப்பும் வேண்டாம்.

ஒரே பிரவுசர்தான் வேண்டும் என்றால் பிரேவ் பாருங்கள். தடுப்பான் நீட்டிப்பாக இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஐபோனிலும் அதே தடுப்பு கிடைக்கும். ஸ்டாண்டர்டு நிலையில் அந்தத் தளமே தன் சர்வரிலிருந்து கொடுக்கும் விளம்பரங்களை விட்டுவிடும். அக்ரசிவ் நிலைக்கு மாற்றினால் அவற்றையும் தடுக்கும். நிறுவியதும் ரிவார்ட்ஸ், வாலட், நியூஸ் போன்றவை கண்ணை உறுத்தும். செட்டிங்ஸில் எல்லாவற்றையும் அணைக்கவோ மறைக்கவோ முடியும்.

எஞ்சினுக்கு அடுத்து நான் பார்ப்பது அப்டேட். குரோம் 2023 ஆகஸ்டிலிருந்து வாரம் ஒரு பாதுகாப்பு அப்டேட் தருகிறது. குரோமியத்தை எடுத்துப் பயன்படுத்தும் மற்ற பிரவுசர்கள் அந்தத் திருத்தத்தைத் தங்கள் பதிப்பில் சேர்க்கும்வரை ஓட்டை திறந்தே இருக்கும். திருத்தம் வெளியானதும் ஓட்டை எங்கே என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. செட்டிங்ஸ் கடைசியில் "பற்றி" பகுதியில் குரோமியத்தின் பதிப்பு எண் இருக்கும். அது அன்றைய குரோம் எண்ணைவிட ஒன்றுக்கு மேல் பின்தங்கியிருந்தால் அந்த பிரவுசரை எடுத்துவிடுங்கள்.

கீவி பிரவுசரைப் பரிந்துரைக்கும் பழைய பதிவுகள் இன்னும் சுற்றுகின்றன. நீட்டிப்பு வசதிக்காக நல்ல பெயர் பெற்றதுதான். ஆனால் 2025 ஜனவரியோடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. இனி அதை நிறுவக் கூடாது.

#5 நீலக்கல்

பிரித்து வைக்கும் யோசனையை ஏற்கிறேன். ஆனால் பிரேவ் பற்றிச் சொல்லும்போது 2020-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும்: சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டும்போது தனக்குக் கமிஷன் தரும் பரிந்துரைக் குறியீட்டைத் தானாகச் சேர்த்தது. கண்டுபிடித்துக் கேட்ட பிறகு நீக்கினார்கள். தனியுரிமைக்காக ஒரு பிரவுசரைத் தேர்ந்தெடுப்பவர் இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கட்டும்.

#6 தாழ்ப்பாள்

நியாயம். அதே அளவுகோலில் பயர்பாக்ஸையும் நிறுவியவுடன் செட்டிங்ஸில் டேட்டா கலெக்ஷன் பகுதியைத் திறந்து அணைக்க வேண்டியதை அணையுங்கள். அங்கேயும் சில இயல்பாக இயங்கும் நிலையில்தான் வருகின்றன.

#7 ஓடை

பிரைவேட் டிஎன்எஸ் வழியாகவே விளம்பரத்தைத் தடுக்கலாம் என்கிறார்களே. அப்படியானால் குரோமே போதாதா?

#8 கருவிப்பெட்டி

உதவும், போதாது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறது. விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சேவையின் பெயரை அங்கே இட்டால் எல்லா ஆப்புக்கும் பொருந்தும். ஆனால் டிஎன்எஸ்ஸுக்குத் தெரிவது டொமைன் பெயர் மட்டும். செய்தியும் விளம்பரமும் ஒரே டொமைனிலிருந்து வந்தால் அதனால் பிரிக்க முடியாது. விளம்பரம் இருந்த இடம் வெற்றுப் பெட்டியாக நிற்கும். அதை மடக்கிச் சுருட்டுவது பிரவுசருக்குள் இருக்கும் தடுப்பானால் மட்டுமே ஆகும்.

இன்னொரு தொல்லை: பெயர் கொடுத்துப் பூட்டிய நிலையில் அந்த டிஎன்எஸ் சேவையை எட்ட முடியாவிட்டால் இணையமே நின்றுவிடும். உள்நுழைவுப் பக்கம் காட்டும் பொது வைஃபைகளில் இது அடிக்கடி நடக்கும். வைஃபை கோளாறு என்று நினைத்துத் தவிப்பதற்கு முன் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, உள்நுழைந்த பின் திரும்ப வையுங்கள்.

யாரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த பிரவுசர் போட்டாலும், சமூக ஊடக ஆப்பில் ஒரு இணைப்பைத் தொட்டால் அது பெரும்பாலும் அந்த ஆப்புக்குள்ளேயே வெப்வியூவில் திறக்கும். உங்கள் தடுப்பான் அங்கே கிடையாது, உங்கள் கடவுச்சொற்களும் கிடையாது. அந்த ஆப்பின் செட்டிங்ஸில் "இணைப்புகளை வெளி பிரவுசரில் திற" என்பது போன்ற ஒரு தேர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மூன்று புள்ளியில் "பிரவுசரில் திற". வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொல்லை ஆப்புக்குள் திறந்த பக்கத்தில் ஒருபோதும் தட்டச்சு செய்யாதீர்கள். அங்கே நீங்கள் தட்டுவதைப் படிக்க அந்த ஆப்பால் முடியும்.

#9 வரிசை

டேப் மறுபடி லோடு ஆவது பற்றி.

தடுப்பான் போட்டாலே நிறையக் குறையும். மீதிக்கு: "ரேம் கிளீனர்" ஆப் எதுவும் இருந்தால் தூக்கி எறியுங்கள். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் டேபைக் கொல்வதே அதன் வேலை. சில போன்களில் தயாரிப்பாளரே பின்னணி ஆப்களைக் கொல்லும் வசதியை வைத்திருப்பார்; செட்டிங்ஸ் → ஆப்ஸ் → பிரவுசர் → பேட்டரி போய் அன்ரெஸ்ட்ரிக்டட் ஆக்குங்கள். சமீபத்திய ஆப்கள் திரையில் பூட்டுக் குறி இருந்தால் பிரவுசருக்கு அதையும் போடுங்கள்.

டேப் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இருபது டேப் திறந்திருந்தாலும் நினைவகத்தில் உயிரோடு இருப்பவை சிலவே. மற்றவை வெறும் முகவரி. பயர்பாக்ஸ் 14 நாள் தொடாத டேப்களைத் தனியாக ஒதுக்குகிறது, குரோம் 21 நாள். அழிந்துவிட்டன என்று பதறாமல் டேப் பட்டியலின் மேற்பகுதியில் இன்ஆக்டிவ் என்று தேடுங்கள்.

ஆனால் படிவத்தை எந்த பிரவுசரும் உறுதியாகக் காப்பாற்றாது. நீளமான பதிலை நோட்ஸ் ஆப்பில் எழுதி, ஒட்டி அனுப்புவதுதான் வழி. ஓடிபி பார்க்க வேறு ஆப்புக்குத் தாவாமல், மேலே வரும் அறிவிப்பிலிருந்தே எண்ணைப் படித்துவிடுங்கள்.

தினமும் கேச் அழிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். சேமித்து வைத்த படங்களையும் ஸ்கிரிப்ட்களையும் மறுபடி இறக்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும், டேட்டா கூடும்.

#10 பனித்துளி

ஐபோனுக்கு நான் சொல்கிறேன்.

நீட்டிப்பு வேண்டும் என்றால் சஃபாரி. கன்டென்ட் பிளாக்கர் 2015-ல் ஐஓஎஸ் 9-லிருந்தும் முழு நீட்டிப்புகள் 2021-ல் ஐஓஎஸ் 15-லிருந்தும் உண்டு. ஆப் ஸ்டோரிலிருந்து தடுப்பான் ஆப்பை நிறுவுவது பாதி வேலைதான். சஃபாரி செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் அதை இயக்க வேண்டும். நிறுவிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் விட்ட படி இது. பிற தளக் குக்கிகளை சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே முழுமையாகத் தடுக்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் அதை நீங்களே சைட் செட்டிங்ஸ் போய்த் தடுக்க வேண்டும்.

ஐபோன் பயர்பாக்ஸில் யுபிளாக் வராது. பெயரும் சின்னமும் ஒன்றாக இருப்பதால் ஆண்ட்ராய்டில் கிடைத்தது இங்கேயும் கிடைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். அதன் பயன், கணினிப் பயர்பாக்ஸில் உள்ள புக்மார்க், டேப், கடவுச்சொல் இங்கே வந்து சேர்வது.

இரண்டு போனிலும் ஒரே பிரவுசர், இரண்டிலும் தடுப்பு, கணினியோடு ஒத்திசைவு மூன்றும் சேர்ந்து வேண்டுமென்றால் பிரேவ்தான் எளிது. ஒத்திசைவுக்கு அதில் கணக்கு கிடையாது. சொற்களால் ஆன ஒரு தற்காலிகக் குறியீடு தரும், புதிய கருவியை இணைக்கும்போது அதை உடனே பயன்படுத்த வேண்டும்.  இணைத்த எல்லாக் கருவியும் தொலைந்தது என்றால் மீட்டுத் தர யாராலும் முடியாது.

டிஃபால்ட் பிரவுசரை மாற்ற: புதிய ஐஓஎஸ்ஸில் செட்டிங்ஸ் → ஆப்ஸ் → டிஃபால்ட் ஆப்ஸ். பழையதில் செட்டிங்ஸில் அந்த பிரவுசரின் பெயரைத் தொட்டால் கிடைக்கும். ஐஓஎஸ் 14-க்கு முன் மாற்றவே முடியாது.

#11 மணல்மேடு

டேட்டா மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு ஓப்பரா மினி இன்னும் பயன்படுமா? குரோமிலும் ஒரு லைட் மோடு இருந்ததாக நினைவு.

#12 தாழ்ப்பாள்

குரோமின் லைட் மோடு 2022 மார்ச்சில் போய்விட்டது. ஓப்பரா மினியின் எக்ஸ்ட்ரீம் நிலை வாசிப்புக்கு மட்டும் சரி. அதில் பக்கத்தை ஓப்பராவின் சர்வர் திறந்து, சுருக்கி, உங்களுக்கு அனுப்புகிறது. அப்படிச் செய்ய அந்த சர்வர் பக்கத்தைப் படித்தாக வேண்டும். எச்டிடிபிஎஸ் பூட்டு (போனுக்கும் தளத்துக்கும் இடையே போவதை மற்றவர் படிக்காதபடி மறைக்கும் குறியாக்கம்) உங்கள் போனிலிருந்து வங்கிவரை நீள்வதில்லை, நடுவில் ஒரு முறை அவிழ்கிறது. கடவுச்சொல் கேட்கும் எந்தத் தளத்துக்கும் அந்த நிலையில் போகாதீர்கள். ஸ்கிரிப்ட் அதிகம் உள்ள தளங்களும் அதில் சரியாக ஓடாது. இன்று டேட்டா மிச்சம் பிடிக்க எளிய வழி நல்ல தடுப்பான். கூடவே தானாக ஓடும் வீடியோவை அணைத்தல்.

#13 மணல்மேடு

ஆண்ட்ராய்டு 7 போன் ஒன்று. சில தளங்களில் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பாக வருகிறது. பிரவுசரை மாற்றினால் போகுமா?

#14 கருவிப்பெட்டி

முதலில் போனில் தேதியும் நேரமும் சரியா பாருங்கள். தேதி தவறினாலும் இதே எச்சரிக்கைதான்.

தேதி சரியென்றால் காரணம் ரூட் சான்றிதழ், அதாவது தளங்களின் சான்றிதழ்களை நம்பலாமா என்று பார்க்க போன் வைத்திருக்கும் அடிப்படைச் சான்றிதழ். ஏராளமான தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் புதிய ரூட், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களின் பட்டியலில் இல்லை. பழைய ரூட் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. பழைய போன்களுக்காகச் செய்த மாற்று ஏற்பாடும் 2024-ல் முடிந்தது. பயர்பாக்ஸ் போனின் பட்டியலை நம்பாமல் சொந்தமாக ஒன்று வைத்திருப்பதால் அந்தப் போனில் ஓடும் கடைசிப் பயர்பாக்ஸில் தளங்கள் திறக்கும்.

திறக்கிறது என்பதற்காகப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்ட்ராய்டு 7-க்குக் குரோம் 119-ஓடு நின்றது. ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் 138-ஓடு. பயர்பாக்ஸின் புதிய பதிப்புகளும் ஆண்ட்ராய்டு 8 கேட்கின்றன. அந்தப் போனில் செய்தி வாசியுங்கள். பணம் தொடர்பான எதையும் செய்யாதீர்கள்.

#15 வரிசை

தேர்வுக்கு முன் உங்கள் போனிலேயே அளந்து பார்க்க விரும்பினால்: இரண்டு பிரவுசரை நிறுவி, வைஃபையை அணைத்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் அதே ஐந்து பக்கங்களை இரண்டிலும் திறந்து கடைசிவரை நகர்த்துங்கள். பிறகு செட்டிங்ஸ் → ஆப்ஸ் → பிரவுசர் → மொபைல் டேட்டா பாருங்கள். புதிதாக நிறுவியதால் கேச் இரண்டிலும் காலியாக இருக்கும், ஒப்பீடு நேர்மையாக வரும். பிரவுசர் முதல் முறை திறந்ததும் தடுப்புப் பட்டியல்களை இறக்கும். அந்த அளவை முதலில் குறித்துக்கொண்டு கழித்துவிடுங்கள்.

ஸ்பீடோமீட்டர் 3 சோதனையும் ஓட்டலாம். 2024-ல் ஆப்பிள், கூகுள், மோசில்லா எல்லாம் சேர்ந்து வெளியிட்டது என்பதால் ஒருபக்கச் சாய்வு குறைவு. ஆனால் அது அளப்பது ஸ்கிரிப்ட் ஓடும் வேகத்தை. பக்கம் இறங்கும் வேகத்தை அல்ல. பேட்டரி சேவர் அணைந்திருக்க வேண்டும், போன் சூடாக இருக்கக் கூடாது. சூடான போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், இரண்டாவதாகச் சோதித்த பிரவுசர் மேல் பழி விழும்.

#16 ஓடை

வாசிப்புக்குப் பயர்பாக்ஸ், வங்கிக்குக் குரோம். ஐபோனில் வாசிப்புக்கு சஃபாரி, புக்மார்க்குக்குப் பயர்பாக்ஸ். புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் இப்போது குரோமில் இருக்கின்றன. எப்படி மாற்றுவது?

#17 நீலக்கல்

ஆண்ட்ராய்டு குரோமில் புக்மார்க்கைக் கோப்பாக எடுக்கும் பொத்தான் இல்லை. கணினி வழியாகப் போங்கள்.

கணினிக் குரோமில் அதே கணக்கில் நுழைந்து ஒத்திசைவு முடியும்வரை காத்திருங்கள். புக்மார்க் மேனேஜரில் மூன்று புள்ளி, எக்ஸ்போர்ட். ஒரு எச்டிஎம்எல் கோப்பு வரும். கணினிப் பயர்பாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தி, இம்போர்ட் அண்டு பேக்கப் மெனுவில் அந்தக் கோப்பைக் கொடுங்கள். பிறகு கணினி, இரண்டு போன் மூன்றிலும் பயர்பாக்ஸில் ஒரே மோசில்லா கணக்கு. ஆண்ட்ராய்டில் புக்மார்க்கைத் திறந்தால் காலியாகத் தெரியலாம்; டெஸ்க்டாப் புக்மார்க்ஸ் என்ற கோப்புறைக்குள் இருக்கும்.

கடவுச்சொல்லுக்குக் குரோமின் பாஸ்வேர்டு மேனேஜர் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் செய்தால் சிஎஸ்வி கோப்பு கிடைக்கும். கணினிப் பயர்பாக்ஸின் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்தில் அதை இம்போர்ட் செய்யுங்கள். பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் விரல்ரேகை அல்லது திரைப் பூட்டால் நுழைய உதவும் சாவி) எதுவும் சிஎஸ்வியில் வராது. அந்தத் தளங்களில் பயர்பாக்ஸிலிருந்து நுழைய முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அது முடியும்வரை குரோமில் உள்ளதை அழிக்க வேண்டாம்.

#18 தாழ்ப்பாள்

அந்த சிஎஸ்வியில் எல்லாக் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாக இருக்கும். டவுன்லோட்ஸ் கோப்புறை கிளவுடோடு ஒத்திசைந்தால் அங்கே வைக்காதீர்கள்; யாருக்கும், உங்களுக்கே கூட, மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். இம்போர்ட் முடிந்த உடனே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

மோசில்லா கணக்கில் ரெகவரி கீ ஒன்றை உருவாக்கி வையுங்கள். தரவு உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்படுவதால், கடவுச்சொல்லை மறந்து ரீசெட் செய்தால் சர்வரில் உள்ளது அழிந்துவிடும். ஏதாவது ஒரு கருவியில் தரவு மிச்சமிருந்தால் அங்கிருந்து மறுபடி ஏறும். எதிலும் இல்லையென்றால் அந்தக் கீ ஒன்றுதான் வழி.